நீலகிரிச் சீனர்கள்: எழுதப்படாத ஒரு குடியேற்றம்

உதகமண்டலத்திலிருந்து கூடலூருக்கு இறங்கும் மலைச்சாலையில் பைக்காராவைத் தாண்டி வரும் ஊர் நடுவட்டம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடைப்பட்ட சரிவில் ஒரு சிறிய சீனக் குடியிருப்பு இருந்தது. காய்கறி பயிரிட்டு, கொஞ்சம் காப்பியும் வைத்து, மாடு வளர்த்துப் பிழைத்த குடும்பங்கள் அவை. ஆண்கள் சீனர்கள், அவர்களுடைய மனைவியர் தமிழ்ப் பெண்கள். ஆங்கிலேய அரசு கைதிகளாகக் கப்பலேற்றி இம்மலைக்குக் கொண்டுவந்த சீனர்களில் ஊர் திரும்பாமல் தங்கிவிட்டவர்களே இவர்கள் என்று கருதப்படுகிறது.

அயல்நாட்டில் போய் வேரூன்றியவர்களின் கதையை அறிய அவர்கள் எழுதிய நினைவுக் குறிப்புகளைத்தான் தேடிப் போவோம். முதல் நாள் எதைச் சாப்பிட்டார்கள், எந்த வார்த்தையை முதலில் கற்றார்கள், யார் வீட்டுத் திண்ணையில் இடம் கிடைத்தது என்பதெல்லாம் அப்படிப்பட்ட எழுத்தில்தான் வரும். நீலகிரிச் சீனர்கள் அப்படி எதையும் விட்டுச் செல்லவில்லை. அவர்களைப் பற்றிக் கிடைப்பதெல்லாம் சிறையை நடத்தியவர்களும் தேடிப்பிடித்த போலீசாரும் தலையையும் மூக்கையும் அளந்த ஓர் அருங்காட்சியக அதிகாரியும் எழுதிவைத்தவை. அந்தக் குறிப்புகளின் இடுக்குகளில்தான் இம்மனிதர்களின் வாழ்க்கையைத் தேட வேண்டியிருக்கிறது.

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் சேர்ந்து நீரிணைக் குடியேற்றங்கள் எனப்பட்டன. 1867 ஏப்ரல் 1ஆம் தேதி தனிக் காலனியாகப் பிரியும்வரை அவை பிரிட்டிஷ் இந்திய அரசின் கீழ் இருந்தன. ஒரே ஆட்சி என்பதால் கைதிகளும் கடலின் இரு கரைகளுக்கும் இடையே மாற்றப்பட்டார்கள். சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களில் நாடு கடத்தும் தண்டனை பெற்றவர்கள் சிங்கப்பூருக்குப் போனார்கள். அந்நகரின் சாலைகளும் பல அரசுக் கட்டடங்களும் புனித ஆந்திரேயா பேராலயமும் இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்தவை. மறுதிசையில், நீரிணைக் குடியேற்றங்களின் சிறைகளில் இடம் போதாமல் சீனக் கைதிகள் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டார்கள். தமிழ்க் கைதி சிங்கப்பூரில் கல் சுமந்த அதே காலத்தில் சீனக் கைதி நீலகிரியில் கல் சுமந்தான்.

நீலகிரிக்கு அவர்களைக் கொண்டுவந்ததற்கு இரண்டு வேலைகள் காரணம். ஒன்று கட்டட வேலை. லவ்டேலில் இன்று புகழ்பெற்ற பள்ளியாக விளங்கும் லாரன்ஸ் நிறுவனத்தின் கட்டடங்கள் 1860களில் எழுந்தபோது வேலையின் பெரும்பகுதியைச் சீனக் கைதிகளே செய்ததாக டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்து 1908இல் வெளியான நீலகிரி மாவட்ட விவரச்சுவடி கூறுகிறது. மற்றொன்று சின்கோனா. மலேரியாக் காய்ச்சலுக்கு அன்று இருந்த ஒரே நல்ல மருந்தான கொய்னா இந்த மரத்தின் பட்டையிலிருந்து கிடைப்பது. கிளெமென்ட்ஸ் மார்க்கம் முன்னின்று நடத்திய முயற்சியால் தென் அமெரிக்காவிலிருந்து வந்த நாற்றுகளையும் விதைகளையும் கொண்டு வில்லியம் கிரஹாம் மக்ஐவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசுத் தோட்டங்களை உருவாக்கினார். குளிரிலும் மழையிலும் காட்டை வெட்டித் திருத்தக் கூலியாட்கள் எளிதில் கிடைக்கவில்லை. கைதிகளுக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. ஆகவே தோட்டத்தின் பக்கத்திலேயே சிறையும் வந்தது. நடுவட்டத்தில் அந்தப் பழைய சிறைக் கட்டடம் இன்றும் நிற்கிறது.

அபினிப் போரில் பிடிபட்ட சீனப் போர்க் கைதிகள்தான் இங்கே வந்து மலைமக்களுக்குத் தேயிலை வளர்ப்பைக் கற்றுக்கொடுத்தார்கள் என்றொரு பேச்சும் நீலகிரியில் உண்டு. தேயிலைத் தோட்டங்களில் சீனர் வேலை செய்ததும் சில தோட்டப் பகுதிகளுக்கு ஜெயில் என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதும் இந்தப் பேச்சுக்கு வலுவூட்டுகின்றன. ஆனால் மாவட்ட விவரச்சுவடி காட்டுவது நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து வந்த தண்டனைக் கைதிகளையே. தென் சீனத்தின் வறுமையால் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போய், அங்கே குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்று, மூன்றாவதாக ஒரு நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். நீலகிரி அவர்களுடைய இரண்டாவது அயல்நாடு. இதை மனதில் கொள்ளாமல் அவர்களைப் புரிந்துகொள்ள முடியாது.

முதலில் அவர்கள் செய்தது தப்பி ஓட முயன்றதுதான். லவ்டேலில் அடைத்துவைத்திருந்த தற்காலிகக் கொட்டகைகளிலிருந்து 1867இல் ஏழு பேர் தப்பினார்கள். நாலா பக்கமும் படகர் இன மக்களை அனுப்பித் தேடிய தாசில்தார் பல நாட்களுக்குப் பிறகே அவர்களைப் பிடித்தார். மறு ஆண்டு ஜூலை 28ஆம் தேதி, கடும் புயலும் மழையுமான இரவில், பன்னிரண்டு பேர் வெளியேறினார்கள். ஆயுதப் போலீஸ் குழுக்கள் மலை முழுதும் தேடின. இரண்டு வாரம் கழித்து அவர்கள் மலபாரில் பிடிபட்டபோது கையில் போலீசாரின் ஆயுதங்கள் இருந்தன. தேடப் போன குழுக்களில் ஒன்று திரும்பி வரவே இல்லை. செப்டம்பர் 15ஆம் தேதி, சிஸ்பாறை மலைப்பாதையின் நடுவே வாலகாட் என்ற இடத்தில், அந்த நான்கு போலீசாரின் உடல்கள் வரிசையாகக் கிடத்தப்பட்டிருந்தன. வெட்டப்பட்ட தலைகள் அவரவர் தோளின்மேல் வைக்கப்பட்டிருந்தன.

விவரச்சுவடி இதை ஒரு திகில் கதையாகச் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறது. கொலையின் கொடூரத்தை மறைக்கத் தேவையில்லை. செத்துப்போன நான்கு பேரும் சம்பளத்துக்கு வேலை பார்த்த எளிய மனிதர்கள். ஆனாலும் மொழி தெரியாத, திசை தெரியாத மலையிலிருந்து மழை இருட்டில் மேற்கே இறங்கிய அந்தப் பன்னிரண்டு பேர் எங்கே போக நினைத்தார்கள் என்று யாரும் அவர்களைக் கேட்டதாகத் தெரியவில்லை. அவர்கள் போன பாதை மலபாருக்குச் செல்வது. அங்கே கடலும் துறைமுகங்களும் உண்டு. கப்பலில் வந்தவர்கள் மறுபடி கப்பலைத் தேடிப் போயிருக்கலாம். பெயர் உட்பட அவர்களைப் பற்றிய வேறொரு விவரமும் அந்தப் பக்கங்களில் இல்லை.

முதல் ஏழு பேர் தப்பிய அதே 1867ஆம் ஆண்டில்தான் தமிழ்க் கடற்கரையில் சீனர் நினைவாக நின்ற ஒரு பழைய சின்னம் மறைந்தது. நாகப்பட்டினத்தில் சீனக் கோபுரம் எனப்பட்ட பழைய செங்கல் கட்டடத்தை, இயேசு சபையினரின் வேண்டுகோளுக்கு இணங்கி அரசு அனுமதித்ததால் இடித்துத் தள்ளினார்கள். 14ஆம் நூற்றாண்டில் வாங் தாயுவான் என்ற சீனப் பயணி, இப்பகுதியில் 1267ஆம் ஆண்டைக் குறிக்கும் சீன எழுத்துடன் ஒரு கோபுரம் இருந்ததாக எழுதியிருக்கிறார். தமிழ் வணிகரும் சும்மா இருக்கவில்லை. சீனத்தின் சுவான்சோ துறைமுகத்தில் 1281இல் ஒரு சிவன் கோயில் எழுப்பித் தமிழில் கல்வெட்டும் பொறித்தார்கள். வணிகர்களும் துறவிகளும் போய்வந்த இந்தப் பழைய உறவுக்கும் சங்கிலியில் வந்த கைதிகளுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. முன்னவர்கள் போன இடத்தில் தங்கள் மொழியில் கல்லில் எழுதிவைக்க முடிந்தவர்கள். பின்னவர்களுக்கு அந்த வசதி வாய்க்கவில்லை.

நடுவட்டச் சரிவில் இருந்த குடியிருப்பை ஓரளவு அருகிலிருந்து பார்த்து எழுதியவர் எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். தென்னிந்திய மக்களின் தலை நீளம், அகலம், மூக்கின் அளவு ஆகியவற்றைக் கருவி கொண்டு அளந்து இனம் பிரிக்கலாம் என்று நம்பியவர். கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளாக அவர் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய நூலின் இரண்டாம் தொகுதியில், சீன–தமிழ்க் கலப்பு என்ற தலைப்பில் இவர்களைப் பற்றிய குறிப்பு இடம்பெற்றிருக்கிறது.

சின்கோனாத் தோட்டங்களின் நடுவே முகாமிட்டிருந்த தர்ஸ்டன், அளந்துகொள்ள வந்தால் பணம் தருவதாக அவர்களுக்கு ஆள் அனுப்பினார். மற்ற இடங்களில் இரண்டணா முதல் எட்டணா வரை கொடுத்து ஆட்களை வரவழைப்பது அவருக்கு வழக்கம். சீனர்களிடமிருந்து வந்த மறுமொழி மரியாதையாக இருந்தது. பணம் வேண்டாம், எடுக்கும் புகைப்படங்களின் பிரதிகளை நினைவாகத் தந்தால் போதும் என்றார்கள். தர்ஸ்டன் இதை இனத்துக்கு இனம் உள்ள குணவேறுபாடாக எடுத்துக்கொண்டார். அவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லை. அந்தக் காலத்தில் ஏழைக் குடும்பம் புகைப்படம் எடுத்துக்கொள்வது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். பல ஆயிரம் மைல் தள்ளி வந்து குடும்பம் அமைத்த மனிதனுக்கு, மனைவி மக்களோடு தான் இருக்கும் படம் எட்டணாவைவிடப் பெரிதாகத் தோன்றியதில் வியப்பில்லை. இந்த வரலாறு முழுவதிலும் இச்சீனர்கள் தாங்களாக வாய்திறந்து ஒன்றைக் கேட்டதாகப் பதிவாகியிருக்கும் இடம் அநேகமாக இது ஒன்றுதான்.

தர்ஸ்டன் அளந்த குடும்பத்தில் தந்தை சீனர். தாய் பறையர் சமூகத்துத் தமிழ்ப் பெண். பிள்ளைகளின் நிறத்தையும் கண்ணையும் கன்ன எலும்பையும் அவர் விரிவாக எழுதுகிறார். அவர்கள் என்ன பெயரில் அழைக்கப்பட்டார்கள், வீட்டில் என்ன மொழி பேசினார்கள் என்பதை எழுதவில்லை. அந்தத் தாயைப் பற்றி நிறத்தையும் சாதியையும் தவிர வேறொன்றும் இல்லை. உண்மையில் அந்தக் குடியிருப்பு நிலைபெற்றதற்கு அவளைப் போன்ற பெண்களே காரணம் என்று சொல்லலாம். சமவெளியிலிருந்து தோட்ட வேலைக்கு மலையேறி வந்த ஏழைத் தமிழர்களில் பறையர் சமூகத்தார் ஏராளம். சாதி ஒடுக்கிய பெண்ணும் நாடு வெளியேற்றிய ஆணும் தோட்டக்காட்டில் சந்தித்துக் குடும்பமாயினர். சந்தைக்குக் காய்கறி கொண்டுபோக, விலை பேச, அக்கம்பக்கத்தில் உதவி கேட்கத் தமிழ் வேண்டும். அதை அந்த ஆண்கள் மனைவியிடமிருந்து கற்றிருப்பார்கள் என்பதே இயல்பு.

மாடு வளர்த்தார்கள் என்ற சிறு செய்தியும் கவனிக்கத் தக்கது. தென் சீன உழவரின் சமையலில் பாலுக்கும் தயிருக்கும் இடம் மிகக் குறைவு. உழவுக்கு எருமை கட்டுவார்கள். கறந்து குடிக்கும் பழக்கம் பொதுவாக இல்லை. அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவர் நீலகிரியில் பால்மாடு வைத்துப் பிழைத்தார் என்றால், தமிழரும் ஆங்கிலேயரும் எதை விலை கொடுத்து வாங்குவார்கள் என்று பார்த்துத் தம் தொழிலை அமைத்துக்கொண்டார் என்று பொருள். காய்கறித் தோட்டம் அவர் கொண்டுவந்த கைத்திறன். மாடு இங்கே வந்து கற்றது. புது நாட்டில் பிழைக்கும் எவரும் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் காலூன்றுகிறார்கள்.

அந்தத் தந்தைக்கு இருந்த ஒரே மனக்குறை, கிறித்தவராக மதம் மாறும்போது தம் சடையை வெட்ட வேண்டி வந்ததுதான் என்று தர்ஸ்டன் குறிப்பிடுகிறார். படிப்பவர் புன்னகைக்கட்டும் என்ற தொனி அந்த வரியில் இருக்கிறது. ஆனால் சிங் வம்ச ஆட்சியில் சீன ஆண்கள் முன்தலையை மழித்துப் பின்னால் நீண்ட சடை வைப்பது சட்டம். சடையை வெட்டுவது அரசத் துரோகம். கடல் கடந்து போன சீனர்களும், என்றாவது ஊர் திரும்பலாம் என்ற நினைப்பில் அதை விடாமல் பேணினார்கள். ஆகவே சடையை இழந்தவர் ஊர் திரும்பும் வழியையும் ஏறக்குறைய இழந்தார். நீலகிரியில் ஒரு திருச்சபையும் ஒரு குடும்பமும் கிடைப்பதற்கு அவர் கொடுத்த விலை அது. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்பதை எழுத அவர் கையில் பேனா இருந்திருந்தால், தமிழ்நாட்டின் முதல் சீனத் தன்வரலாறு அதுவாக இருந்திருக்கும்.

தர்ஸ்டனின் அதே நூலில், வட ஆற்காட்டைச் சேர்ந்த ஜவ்வாது மலை மக்களைப் பற்றிய பகுதியில், வேறு ஒரு குடியேற்றக் கதை இருக்கிறது. இன்றைய திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் இம்மலைத்தொடரில் வாழும் மலையாளிகள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த காரைக்காட்டு வேளாளர் என்கிறார்கள். பெயர் மலையாளி என்றாலும் கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர்கள், தமிழ் பேசுபவர்கள். அவர்கள் சொல்லும் கதை இது: கங்குந்தி என்ற இடத்து வேடர்கள் இந்த வேளாளரிடம் பெண் கேட்டார்கள். மறுத்ததால் ஏழு கன்னியரைத் தூக்கிச் சென்றார்கள். மீட்கப் புறப்பட்ட ஏழு ஆண்கள் ஏழு நாய்களையும் கூட்டிப் போனார்கள். நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் இறந்துவிட்டதாக நினைத்துக் கருமம் செய்துவிடுங்கள் என்று மனைவியரிடம் சொல்லியிருந்தார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் எப்படியோ கரையேறினார்கள். நாய்கள் பாதி ஆற்றில் திரும்பி ஊர் போய்ச் சேர்ந்தன. வேடர்களைக் கொன்று ஆண்கள் வீடு திரும்பியபோது மனைவியர் தாலி அறுத்திருந்தார்கள், சாவுச் சடங்கு முடிந்திருந்தது. செத்தவர்களாக எண்ணப்பட்டவர்களுக்கு ஊரில் இடமில்லை. அவர்கள் வேடர் பெண்களை மணந்து, ஜவ்வாது மலையேறி, நிலம் திருத்தி உழத் தொடங்கினார்கள்.

ஊர் திரும்ப வழியில்லை, மலையில் புது மனைவி, கையில் உழவு: நீலகிரிச் சீனரின் கதையும் இந்த மூன்றில் அடங்கிவிடுகிறது. வேறுபாடு, கதையைச் சொன்னவர் யார் என்பதில் இருக்கிறது. ஜவ்வாது மலைக்காரர்கள் தங்கள் வருகையைத் தாங்களே சொன்னார்கள். பாட்டன் சொல்லிப் பேரன் கேட்டு, நாய், வெள்ளம், தாலி என்று ஒவ்வொன்றும் நிலைத்துவிட்டது. ஒரு முழுச் சமூகமாகச் சேர்ந்து வாழ்ந்ததால் அது முடிந்தது. நடுவட்டத்துச் சீனர்கள் சில குடும்பங்கள் மட்டுமே. பிள்ளைகள் தமிழரோடு கலந்து, அடுத்தடுத்த தலைமுறைகளில் தனி அடையாளம் கரைந்துபோனது. சொல்லிக்கொண்டிருக்க ஒரு கூட்டம் இல்லாத இடத்தில் கதையும் தங்குவதில்லை.

கைதிகளாக அல்லாமல் வந்த சீனர்கள் இந்தியாவில் வேறு இடங்களில் பெரிய சமூகமாக வளர்ந்தார்கள். கல்கத்தாவுக்குத் தெற்கே, பட்ஜ் பட்ஜ் அருகே, 1778இல் வாரன் ஹேஸ்டிங்ஸிடம் நிலம் பெற்று டாங் அச்சியூ என்பவர் சர்க்கரை ஆலை நிறுவினார். அவர் பெயரால் அந்த ஊர் அச்சிப்பூர் ஆயிற்று. சீனப் புத்தாண்டின்போது கொல்கத்தாச் சீனர்கள் இன்றும் அங்குள்ள அவருடைய கல்லறைக்குப் போகிறார்கள். பின்னர் கல்கத்தா நகரில் கான்டன் பகுதியினர் தச்சர்களானார்கள். ஹக்கா மக்கள் தாங்ரா பகுதியில் தோல் பதனிட்டுச் செருப்புக் கடைகள் வைத்தார்கள். ஹூபே மாநிலத்தார் பல் வைத்தியம் பார்த்தார்கள். அசாமில் தேயிலைத் தொழில் தொடங்கிய 1830களிலேயே சீனத் தொழிலாளர்கள் வரவழைக்கப்பட்டார்கள். மாகும் என்ற ஊரில் அவர்களுடைய வழிவந்தோர் அசாமியரையும் மற்றவர்களையும் மணந்து வாழ்ந்தார்கள்.

சென்னைக்கு வந்தவர்கள் எண்ணிக்கையில் சிலரே. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியப் படை பர்மாவில் நுழைந்ததும், தமிழர்களோடு சீனர்களும் அங்கிருந்து தப்பி வந்தார்கள். பல் மருத்துவம், அழகு நிலையம், செருப்புக் கடை, உணவகம் என்பவை அவர்களுடைய தொழில்கள். சென்னையில் சீனப் பல் டாக்டர் என்றால் ஒரு தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். தந்தை மகனுக்குக் கற்றுக்கொடுத்த கைத்தொழிலாகத் தொடங்கி, பிறகு பிள்ளைகள் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்று அதே பெயர்ப்பலகையின் கீழ் அமர்ந்தார்கள். அவர்கள் சரளமான சென்னைத் தமிழ் பேசுவார்கள்.

இலங்கையிலும் ஹூபே பல் வைத்தியர்களும் சான்துங் துணி வியாபாரிகளும் குடியேறினார்கள். சுதந்திரத்துக்குப் பின் 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது எல்லோருக்கும் தெரியும். இலங்கைச் சீனர்களிலும் பலர் அதேபோல நாடற்றவர்களாகவே நின்றது அவ்வளவாகப் பேசப்படவில்லை. 2008இல்தான் தனிச் சட்டம் இயற்றி அவர்களுக்குக் குடியுரிமை வழங்கப்பட்டது.

இந்தியச் சீனர்களின் வாழ்க்கை 1962இல் திசை மாறியது. அக்டோபர் 20ஆம் தேதி இந்திய–சீன எல்லையில் போர் மூண்டது. நவம்பர் 21ஆம் தேதி சீனா போர் நிறுத்தம் அறிவித்தது. போர் ஒரு மாதம்தான் நடந்தது. ஆனால் அவசரகால ஆணைகளின் கீழ் அசாம், டார்ஜிலிங், காலிம்பொங், சில்லாங் முதலிய இடங்களிலிருந்து சுமார் 3,000 சீன வம்சாவளியினர் கைது செய்யப்பட்டார்கள். இந்தியாவிலேயே பிறந்தவர்கள், சீனத்தைக் கண்ணால் பார்த்திராதவர்கள், குழந்தைகள், கிழவிகள் என யாரும் விலக்கப்படவில்லை. பாட்டனோ பூட்டனோ சீனர் என்பதே போதுமான காரணமாக இருந்தது. பல நாள் ரயிலில் ராஜஸ்தானின் தேவ்லி முகாமுக்கு அவர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஆங்கிலேயர் காலத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயண் போன்ற விடுதலைப் போராட்டக்காரர்களை அடைத்துவைத்த அதே தேவ்லி அது. கடைசிக் கைதிகள் வெளியே வந்தது 1967இல். ஊருக்குத் திரும்பியவர்களில் பலருக்கு வீடும் கடையும் இல்லை. எதிரிச் சொத்து என்று ஏலம் போட்டிருந்தார்கள். முகாமுக்குப் போகாதவர்களும் காவல் நிலையத்தில் பதிவு செய்து, வெளியூர் போக அனுமதி வாங்கி வாழ வேண்டியிருந்தது.

இதில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. சீனாவுக்குப் போகச் சம்மதித்தவர்களும் போக வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டவர்களும் 1963இல் தேவ்லியிலிருந்து ரயிலில் சென்னைக்கு அழைத்துவரப்பட்டார்கள். சீன அரசு அனுப்பிய கப்பல்கள் சென்னைத் துறைமுகத்திலிருந்து மூன்று நடைகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏற்றிச் சென்றன. அசாமியும் இந்தியும் நேபாளியும் பேசிய இவர்கள் முன்பின் பார்த்திராத ஒரு நாட்டில் போய் இறங்கினார்கள். பாட்டன் விட்டுவந்த மண், பேரனுக்கு அயல்நாடு. அங்கே அவர்களை இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

தேவ்லியிலிருந்து விடுதலையான பலர் இந்தியாவில் தொடர்ந்து வாழ மனமில்லாமல் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். நினைவுக் குறிப்புகள் எழுதத் தொடங்கியது இந்த இரண்டாம் குடியேற்றத்துக்குப் பிறகுதான். யின் மார்ஷ் கைதானபோது அவருக்கு வயது 13. டார்ஜிலிங்கில் உணவகம் நடத்திய தந்தையை முதலில் பிடித்துப் போனார்கள். பிறகு பாட்டியையும் எட்டு வயதுத் தம்பியையும் அவரையும் கொண்டுபோனார்கள். பிற்காலத்தில் அமெரிக்காவில் குடியேறிய அவர், அரை நூற்றாண்டு கழித்து ‘டூயிங் டைம் வித் நேரு’ என்ற நூலில் அதை எழுதினார். அவ்வளவு காலம் அதைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. முகாமில் இருந்த பெற்றோர்களும் தம் பிள்ளைகளிடம் அதைச் சொல்வதைப் பெரும்பாலும் தவிர்த்தார்கள். சொன்னால் மறுபடி பிடித்துப் போவார்களோ என்ற அச்சமும் பிடிபட்ட வெட்கமும் சேர்ந்து வாயை அடைத்தன.

கொல்கத்தாவிலிருந்து டொரண்டோ போன குவாய் யுன் லி, சீனப் பேட்டையில் கழிந்த தம் இளமையைச் சிறுகதைகளாக எழுதினார். பிறகு தேவ்லியில் இருந்தவர்களைத் தேடிப் பேட்டி கண்டு டொரண்டோ பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு சமர்ப்பித்தார். தேவ்லி முகாமிலேயே பிறந்த ஜாய் மா, திலீப் டிசூசாவோடு சேர்ந்து 2020இல் ‘தி தேவ்லிவாலாஸ்’ நூலை வெளியிட்டார்; அதில் முகாமில் இருந்தவர்கள் தங்கள் குரலிலேயே பேசுகிறார்கள். அசாமில் ரீட்டா சவுத்ரி 2010இல் வெளியிட்ட ‘மாகாம்’ நாவல், மாகும் சீனர்களுக்கு நேர்ந்ததை அந்த மாநில மக்களுக்கே முதன்முறையாக விரிவாகச் சொல்லியது. ரபீக் எலியாசின் ஆவணப்படங்கள் கொல்கத்தாச் சீனர்களையும் டொரண்டோவில் இருக்கும் முன்னாள் கைதிகளையும் படம்பிடித்தன.

இந்த எழுத்துகளில் திரும்பத் திரும்ப வருவது சாப்பாடு. பாதி வெந்த சோற்றை வரிசையில் நின்று வாங்கிய தேவ்லி நாட்கள், பிறகு அரிசியும் காயும் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டபோது தாய்மார் தாங்களே அடுப்பு மூட்டியது, டொரண்டோவுக்குப் போன பின்னும் மிளகாயும் கொத்தமல்லியும் இஞ்சியும் சேர்த்த இந்தியச் சீனச் சமையலை விடமுடியாதது. டொரண்டோ நகரில் ஹக்கா உணவகங்கள் என்று பெயரெடுத்தவை கொல்கத்தாவிலிருந்து போனவர்கள் தொடங்கியவை. அவற்றின் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் தெற்காசியர். சீன முகத்தோடு இந்தி பேசிச் சாப்பாடு பரிமாறும் அந்தக் கடைக்காரர்களைக் கனடாவின் மற்றச் சீனர்கள் தம்மவராக எளிதில் ஏற்கவில்லை; இந்தியரோ அவர்களைக் கண்டதும் ஊர்க்காரர் என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

ஒரு காலத்தில் இருபதாயிரத்தை ஒட்டியிருந்ததாகச் சொல்லப்படும் கொல்கத்தாச் சீனர்கள் இன்று சில ஆயிரமாகக் குறைந்துவிட்டார்கள். 1969இல் தொடங்கி அங்கே வெளிவந்துகொண்டிருந்த சியோங் பாவ் என்ற சீன நாளிதழும் நின்றுபோனது. தேவ்லியில் குழந்தைகளாக இருந்தவர்களே இப்போது முதியவர்களாகிவிட்டார்கள். கனடாவில் சங்கம் அமைத்திருக்கும் அவர்கள், நடந்தது தவறு என்று இந்திய அரசு ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்றும், முகாமில் ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்றும் கேட்டுவருகிறார்கள். ஒட்டாவாவில் இந்தியத் தூதரகத்தின் முன் நின்று கடிதம் கொடுக்கவும் முயன்றிருக்கிறார்கள். இந்திய அரசு முறையான மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. எஞ்சியிருப்பவர்களின் வாக்குமூலங்களைப் பதிவு செய்யும் வேலையை அச்சங்கத்தாரும் அவர்களுடைய பிள்ளைகளும் செய்துவருகிறார்கள்.